வீட்டில் ஒன்று என்று யாரும் இல்லை

சைகோன்
பிப்ரவரி 27

ரெண்டக்காவுக்கு,

நீங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டதால், நாற்பத்திரண்டு வயதில் பேனா பிடித்துக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இறால் வந்த தெர்மகோல் பெட்டியைக் கழுவித் திருப்பி அனுப்புகிறேன். அதற்குள் பிளாஸ்டிக் பையில் இது இருக்கும். உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று பஸ்காரர் ஏழு அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குப் போனில் கத்தியது தப்புதான். ஆனால் கத்தின விஷயம் தப்பில்லை. ஹியென் வயிற்றில் பிள்ளை நிற்பதற்கு நாங்கள் ஒன்பது வருடம் காத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் புத்தாண்டுக்கு வீட்டில் முதலில் காலடி வைத்து வருஷ பலனைக் கொண்டுவருகிறவர் யாராக இருக்க வேண்டும் என்று ஜோசியரிடம் போய்க் கேட்டுவந்தேன். இது டிராகன் ஆண்டு, எலி ஆண்டில் பிறந்த ஆண்பிள்ளை நுழைந்தால் நல்லது என்றார். ஆறு மாமாவைக் கையில் காலில் விழுந்து சம்மதிக்க வைத்தேன். அவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சிவப்பு உறையோடு, சொன்ன நேரத்துக்கு வந்தார். வீடே சிரித்தது.

ஒன்பதாம் நாள் ஹியெனுக்கு ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என்ன குறை வைத்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வாசல் பூட்டு ஞாபகம் வந்தது. புது கைரேகைப் பூட்டு யார் யார் கதவைத் திறந்தார்கள் என்று போனில் எழுதி வைக்கும் அல்லவா? புத்தாண்டு நாளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஆறு மாமா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு விரல் கதவைத் திறந்திருக்கிறது. எண் இரண்டு.

நம் வீட்டில் இரண்டு யார்? பிறந்த வரிசையில் தலைப்பிள்ளையே இரண்டுதான், அது நீங்கள். மூன்று நான். ஒன்று என்ற எண்ணும் அந்த ஒரு நாள் பட்டியல் நெடுக வருகிறது, நள்ளிரவுப் படையல் முடிந்த நேரத்தில்கூட ஒரு ஒன்று இருக்கிறது. அது மெஷின் தன்னைத் தானே சோதித்துக்கொள்வது. நம் வீட்டில் ஒன்று என்று யாரும் இல்லை.

நீங்கள் மாமியாரைப் புதைத்து மூன்று மாதம் ஆகவில்லை. துக்கக்காரர்கள் புத்தாண்டில் அடுத்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். மாமா வந்த பிறகு வாசலுக்கு வெளியிலேயே நின்று நண்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எவ்வளவு பக்குவம் என்று நினைத்தேன். அதற்கு முன்னாலேயே உள்ளே வந்து போயிருப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவைப் பார்க்க ஆசையாக இருந்திருக்கும், புரிகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பூட்டிலிருந்து இரண்டை அழித்துவிட்டேன். பிள்ளை பிறக்கும்வரை நீங்கள் வர வேண்டாம்.

துவான்


நாம் கான்
மார்ச் 2

மூணு,

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். பையைப் பிரித்த உன் அத்தான், இறால் குட்டைக்கு வரி கட்டச் சொல்லி ஏதோ ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது என்று பயந்துவிட்டார். கீழே துவான் என்று கையெழுத்தைப் பார்த்துத்தான் மூச்சு விட்டார். உனக்கு மூக்கு துடைத்துவிட்டவள் நான். நீங்களாம்.

நான் உள்ளே வரவில்லை. அப்பா படத்தின்மேல் ஆணை. சந்து முனைக் காபிக் கடையில், குட்டி ஸ்டூலில், கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். ஆறு மாமாவின் மோட்டார் சைக்கிள் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தேன். அப்புறமும் வாசற்படியில் என் செருப்பு படவில்லை. நண்டைக் கொடுத்தேன், திரும்பினேன், பஸ் ஏறினேன். ஒன்பது மணி நேரம் வந்து ஒன்பது மணி நேரம் போனவளுக்கு நீ கொடுத்த மரியாதை, போனில் கூச்சல்.

அப்படியானால் யார் என்று கேட்பாய். கேட்காதே. எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

எனக்குப் புரியாதது வேறு. மெஷின் ஏன் என்னைச் சொல்கிறது? ராத்திரி முழுக்க யோசித்தேன். பூட்டு மாட்டின அன்று அம்மாவின் விரல் பதியவில்லை என்று நான்தான் அதன்மேல் என் விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். அதில் என் ரேகையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ. அப்படி ஆகுமா? உன்னை மாதிரி போன் பார்க்கத் தெரிந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஹியெனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? அதை எழுதாமல் பக்கம் பக்கமாகப் பூட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். பெட்டியில் விரால் வைத்திருக்கிறேன். இஞ்சி நிறையப் போட்டுக் கஞ்சி வைக்கச் சொல். மேலே இருக்கும் சின்னப் பொட்டலம் அம்மாவுக்கு, காய்ந்த கருவாடு. கொடுக்கும்போது ரெண்டு அனுப்பினாள் என்று சொல்ல உனக்கு வாய் வராது, தெரியும். சும்மா கொடு.

நான் வர மாட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. ஒரு வீட்டுக்குள் போக என் விரலை யாரோ எடுத்துவிடலாம், வைத்துவிடலாம் என்று இருந்தால் அந்த வீட்டுக்கு நான் ஏன் வர வேண்டும்? அப்பாவின் திதிக்கும் வர மாட்டேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வாயோ அது உன் பாடு.

லுவா


சைகோன்
மார்ச் 8

அக்கா,

ஹியென் படுக்கையில்தான் இருக்கிறாள். மாடிப்படி இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கஞ்சி குடித்தாள், இரண்டாவது கிண்ணமும் கேட்டாள். கருவாட்டை அம்மா மோந்து பார்த்தவுடனே நாம் கான் கருவாடு என்று சொல்லிவிட்டார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கே வேறு ஒரு தலைவலி. பூட்டுக்கு அம்மாவின் விரல் பிடிக்க மாட்டேன் என்கிறது. போன மாதம் வரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்தது. இப்போது வைத்தால் சிவப்பு விளக்கு, அதற்குள் இருக்கும் பெண் மறுபடியும் முயற்சி செய்யுங்கள் என்கிறாள். அம்மாவும் முயற்சி செய்கிறார். எதிர்வீட்டு எட்டம்மா வெளியே வந்து, விரலை நாக்கில் தொட்டு வைக்கச் சொல்கிறாள், வெந்நீரில் ஊறவைக்கச் சொல்கிறாள், பச்சைத் தைலம் தடவச் சொல்கிறாள். இப்போது வாசலே தைல வாசனை அடிக்கிறது, கதவு திறக்கவில்லை.

மாட்டிவிட்டுப் போனவருக்குப் போன் செய்தேன். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்துபோகும் என்றார். ஒரே மாதத்தில் தேயுமா என்றேன். பாத்திரம் தேய்த்தால் தேயும் என்றார். அம்மாவைப் பாத்திரம் தேய்க்கவே விடுவதில்லை என்றதும் அப்படியானால் பாட்டரி என்றார். நான்கு பாட்டரியையும் மாற்றினேன். என் விரலுக்குத் திறக்கிறது, அம்மாவுக்குத் திறக்கவில்லை.

ரகசிய எண்ணாவது போடட்டும் என்று அப்பாவின் பிறந்த தேதியை வைத்தேன். அம்மா சந்திரக் கணக்கில் அப்பாவின் பிறந்த நாளைப் போட்டார். ஐந்து தடவை போட்டதும் பூட்டு ஊளையிட ஆரம்பித்து, சந்து முழுக்கக் கூடிவிட்டது. சரி என்று, தொட்டால் திறக்கும் அட்டை ஒன்று கொடுத்தேன். தொலைந்துவிடக் கூடாது என்று அதை அப்பா படத்துக்கு முன்னால், ஊதுபத்திக் கிண்ணத்துக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு வெளியே போகிறார். சிரிப்பதா அழுவதா, நீயே சொல்.

ஆனால் நேற்று ஒன்று சொன்னார், அதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "விடுடா மூணு. கதவுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். என்ன தெரிந்தது, விரலை மறுபடியும் பதியலாம் வா என்றால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். வயதாகிறது, ஏதோ குழம்புகிறது என்று நினைக்கிறேன். நீ ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறார். இறால் பிடிக்கும் பருவம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ சொன்ன ரேகை ஒட்டிக்கொள்ளும் கதையைப் பூட்டுக்காரரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் ஆகாது என்று சிரித்தார். அப்புறம் உனக்கு ஆள் தெரியும் என்றால் யார்? எட்டம்மாவா? அவள் விரல் அதில் இல்லை. எனக்குத் தலை சுற்றுகிறது.

துவான்


நாம் கான்
மார்ச் 12

மூணு,

அம்மா சொன்னதை அப்படியே எழுது. கதவுக்குத் தெரிந்துபோச்சு என்றா சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லையா? முகம் எப்படி இருந்தது? சாப்பிடுகிறாரா? நீ பாட்டரி மாற்றின கதையை நீட்டி முழக்கி எழுதுகிறாய், அம்மாவுக்கு ஒரு வரி.

நான் சொல்வதைக் கேள். அந்தப் பூட்டைக் கழற்று. பழைய தாழ்ப்பாளைப் போடு. அதுவும் முடியாது என்றால் பகலில் கதவைத் திறந்து வை, எட்டம்மா எப்படியும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளைவிடப் பெரிய காவல் உண்டா? அம்மாவை வெயிலில் நிறுத்தாதே.

அந்தப் பூட்டு வந்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா தேடித் தேடி வாங்கிப் போட்ட கதவு. அதில் பூட்டுக்காரர் துளை போட்டபோது தூளெல்லாம் என் கால்மேல் விழுந்தது. முதல் துளை தப்பான இடத்தில் போட்டுவிட்டு, ஒரு தகட்டை வைத்து மூடினார். வீட்டுக்காரர் முதலில் விரல் வைக்கட்டும் என்று அவர் சொன்னதும் நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வைத்தாய். வைத்த கையோடு கடையிலிருந்து போன் வந்தது, சீட் கவர் தைக்கக் கொடுத்தவன் வந்து நிற்கிறான் என்று ஓடிவிட்டாய். மீதிப் பேரை வைத்துப் பாடுபட்டது நான். அம்மாவின் விரலை எத்தனை முறை வைத்தோம் என்று நினைக்கிறாய்? ஒவ்வொரு தடவையும் அம்மா, "என் வீடுதான்யா, நம்புய்யா" என்று அந்தப் பூட்டிடம் கெஞ்சினார். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

யார் என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். நான் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் வாயைத் திறந்தால் நானும் திறப்பேன். அதுவரை நான்தான் நுழைந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டே இரு. முதலில் கோபம் வந்தது, இப்போது பழகிவிட்டது.

ஹியெனுக்கு நண்டு கொடுக்காதே. குளிர்ச்சி.

லுவா


சைகோன்
மார்ச் 16

அக்கா,

வாக்கா? யாருக்கு? எனக்குத் தெரியாமல் என் வீட்டு வாசலைப் பற்றி நீ யாரோடு வாக்குக் கொடுத்துக்கொள்கிறாய்? ஹியெனிடம் கேட்டேன். அவள் அழுதாள். எதற்கு அழுகிறாய் என்றால், நான் கேட்ட குரலுக்கு அழுகிறாளாம். அவளையும் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று எட்டம்மா வரைக்கும் தெரிந்துவிட்டது. நீ ஒரு வரியில் முடித்திருக்கலாம்.

பூட்டைக் கழற்ற முடியாது. நான் கடைக்குப் போனபின் மேலே ஹியென் தனியாகப் படுத்திருக்கிறாள். கதவைத் திறந்து போட்டுவிட்டு நான் எப்படி நிம்மதியாக ஊசி பிடிப்பேன்? அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். அம்மா இப்போது ஒழுங்காகத்தான் போய் வருகிறார். புகார் ஒன்றும் இல்லை.

அப்பாவின் திதி 24ஆம் தேதி, ஞாயிறு. அம்மா நேற்றே தட்டுகளை இறக்கிக் கழுவிவிட்டார். உன் தட்டையும் சேர்த்து. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் எழுதுகிறேன், வருவதானால் வா. ஆனால் அழைப்பு மணி அடிக்காதே, ஹியென் இறங்கி வந்துவிடுவாள். வெளியில் நின்று எனக்குப் போன் செய், நான் வந்து திறக்கிறேன். உன் துக்கத் தீட்டுக்கு வாசலில் ஒரு கைப்பிடி உப்பும் அரிசியும் போட்டு வைக்கிறேன், அதைத் தாண்டி வா. இதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது.

துவான்


சைகோன், உன் வீட்டுச் சமையலறை மேசை
மார்ச் 22, வெள்ளி, முற்பகல்

துவான்,

வெளியில் நின்று போன் செய்யச் சொன்னாய். செய்யவில்லை. ஏன் என்று எழுதிவிட்டுப் போகிறேன்.

திதிக்கு மீனும் இறாலும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னாலேயே வந்தேன். வாசலில் வைத்துவிட்டு, காபிக் கடையிலிருந்து அம்மாவைத் தூரத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். சந்துக்குள் நுழைந்தால், எட்டம்மா வீட்டுச் சுவரோரம், சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். மடியில் கீரைக் கட்டு. கீரை வாடித் துவண்டிருந்தது.

தினமும் இப்படித்தானாம். காலையில் மார்க்கெட் போய்விட்டு வந்து, நீ மதியச் சாப்பாட்டுக்கு வரும்வரை அங்கே உட்கார்ந்திருப்பார். நீ வந்தவுடன், இப்போதுதான் வந்தேன் என்று சொல்லி உன்னோடு நுழைவார். மணி அடித்தால் ஹியென் படி இறங்கிவிடுவாள் என்று அடிப்பதில்லை. எட்டம்மா சொன்னாள். ஊரில் உள்ள எல்லாவற்றையும் உளறுகிறவள் இதை உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அம்மா கேட்டுக்கொண்டாராம்.

கழுத்தில் அட்டை தொங்குகிறது. ஏன் வைத்துத் திறக்கவில்லை என்று கேட்டேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"விரலை வேணாங்குது, அப்புறம் அட்டைய வச்சுத் திருட்டுத்தனமா நுழையணுமா? புருசன் போனவ. புத்தாண்டன்னிக்கு மொத ஆளா நானே நுழைஞ்சுட்டேன்ல. கதவுக்குத் தெரியும்டி ரெண்டு. பிள்ளைக்கு ஆகாதுன்னு என்னை வெளிய நிறுத்துது."

இப்போது நான் கொடுத்த வாக்கு தீர்ந்தது. புத்தாண்டுக் காலையில், நீங்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, அம்மா காபிக் கடைக்கு வந்தார். இலையில் சுற்றி அவித்த பான் தெத் அரிசிக் கட்டி இரண்டு துண்டு, ஒரு டிபனில் முட்டை போட்ட பன்றிக் குழம்பு. வருஷ முதல் நாள் என் தலைப்பிள்ளை பசியோடு ரோட்டில் உட்கார்ந்திருக்கலாமா என்றார். நான் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். பாதிச் சாப்பாட்டில்தான் எனக்கு உறைத்தது, அம்மா இனி திரும்பி உள்ளே போனால் முதல் காலடி அவருடையது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. துவானிடம் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்லவில்லை. நீ என்னைத் திட்டியபோதும் சொல்லவில்லை. அம்மா தன்னையே இப்படித் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. இதுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அம்மா சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில், உன் பூட்டு என்னையும் வேண்டாம் என்று சொல்லட்டும், அப்போதாவது அம்மாவுக்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்கும் என்று போய் என் விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. வரவேற்கிறேன் என்று பூட்டுக்குள் இருக்கும் அந்தப் பெண் சொன்னாள். கதவு திறந்துகொண்டது.

என்னை அழித்துவிட்டதாக எழுதியிருந்தாய். நீ பொய் சொன்னாயா? அல்லது அழிக்கப் போய் மனசு வராமல் விட்டுவிட்டாயா? அப்படி இருந்தால் அதை எழுதியிருக்கக் கூடாதா? அம்மா கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். துக்கக்காரிக்கே திறக்கிறது, தனக்குத் திறக்கவில்லை என்று அவருக்கு அதோடு உறுதியாகிவிட்டது. என்ன சொல்லியும் கேட்கவில்லை. பிள்ளை பிறக்கும்வரை என்னோடு வந்து இருக்கிறேன் என்கிறார். திதிக்கு இருங்கள் என்றேன். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார், பேரப்பிள்ளைக்காகத்தானே என்கிறார்.

மேலே போய் ஹியெனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம். மீன் ஐஸில் இருக்கிறது. அம்மா தன் போனையும் அட்டையையும் அப்பா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். நானும் உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் நீ கத்துவாய், அம்மாவுக்குக் கேட்கும்.

லுவா


நாம் கான், உன் வீட்டு வேலிக்கு வெளியே
மார்ச் 26

ரெண்டக்கா,

இந்தக் கடிதத்தை ஏழு அண்ணனிடம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் முட்டியின்மேல் வைத்து எழுதியது, எழுத்து ஆடியிருக்கும். உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்து முடித்துவிட்டு, அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

ஞாயிற்றுக்கிழமை திதியை நான்தான் செய்தேன். நீ கொண்டுவந்த மீனைக் குழம்பு வைத்தேன், உப்பு கூடிப்போனது. ஐந்து தட்டு வைத்தேன். அப்பா படத்தைத் தவிர யாரும் இல்லை. ஹியெனுக்கு மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா விரலுக்கு ஏன் திறந்துச்சு, அதைப் பாத்தியா?" என்று கேட்டாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டியலை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை முற்பகல் கதவைத் திறந்த எண், மூன்று. மூன்று நான். ஆனால் நான் கடையில் இருந்தேன். மெஷினுக்குப் பைத்தியம் என்று நினைத்துக் கீழே போய் என் விரலை வைத்துப் பார்த்தேன். பட்டியலில் விழுந்த எண், ஒன்று.

விரல் வைத்த வரிசையில் அது எண்ணியிருக்கிறது, அக்கா. வீட்டுக்காரர் முதலில் என்றதும் நான் வைத்தேன், ஒன்று. அடுத்தது அம்மா, இரண்டு. நீ மூன்று, ஹியென் நான்கு. தலைப்பிள்ளையை ஒன்று என்று கூப்பிட்டால் பேய்க்குத் தெரிந்துவிடும் என்று இரண்டிலிருந்து எண்ணுகிற நம் ஊர்க் கணக்கு அந்த மெஷினுக்கு என்ன தெரியும்? நான்தான் இரண்டைப் பார்த்தவுடன் நீ என்று முடிவு கட்டினேன். இரண்டை அழித்தேன். அழித்தது உன்னை இல்லை, அம்மாவை. அந்த நாளிலிருந்துதான் அம்மாவுக்குக் கதவு திறக்கவில்லை. தைலம் தடவி, பாட்டரி மாற்றி, ரேகை தேய்ந்துவிட்டது என்று சொல்லி, ஒரு மாதமாக நானே பூட்டிவிட்டு நானே குழம்பிக்கொண்டிருந்தேன்.

நான்கு பேர், நான்கு எண். மெஷினுக்கு ஒன்று, உனக்கு இரண்டு, எனக்கு மூன்று, ஹியெனுக்கு நான்கு என்று பிரித்துக் கொடுத்தேன். அம்மாவின் எண் எது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னும் இருக்கிறது, இதைத்தான் அம்மாவுக்கு நன்றாகக் கேட்கும்படி படி. புத்தாண்டுக்கு முதலில் நுழைந்தது அம்மா இல்லை. நள்ளிரவுப் படையல் நேரத்தில் ஒரு ஒன்று இருக்கிறது என்று முன்னால் எழுதியிருந்தேன் அல்லவா? படையலை வாசலுக்கு வெளியேதானே வைத்தேன். ஊதுபத்தி அணைந்து முடிந்து, வாழைப்பழத் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், கதவு பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. விரல் வைத்துத்தான் உள்ளே போனேன். அதற்கு முன்பே புத்தாண்டு பிறந்துவிட்டது. பாயில் படுத்தவன் மறந்தே போனேன். ஆறு மாமாவுக்கு முன்னால், அம்மாவுக்கு முன்னால், அந்த வீட்டில் காலடி வைத்தவன் நான். நாய் ஆண்டில் பிறந்தவன், டிராகன் ஆண்டுக்கு நேர்ப்பகை. ஜோசியர் யாரை எல்லாம் வாசலில் விடக்கூடாது என்று சொன்னாரோ அதில் முதல் பெயர் என்னுடையது.

ஹியெனிடம் போய்ச் சொன்னேன். "உன் வீட்டுக்குள்ள நீ வந்ததுக்கே தோஷம்னா, நான் எந்த வீட்டுல போய்ப் பெத்துக்கிறது?" என்றாள். நேற்று டாக்டரிடம் போய் வந்தோம். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி வைத்தார். வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் படுத்துத்தான் இருக்க வேண்டும், பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் இருக்கிறது.

இப்போது எட்டம்மா ஹியெனுக்குத் துணையாக மாடியில் இருக்கிறாள். கதவுக்கு அம்மாவின் மிளகு இடிக்கும் கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அம்மா வந்து தன் விரலை மறுபடியும் வைக்கும்வரை அதைச் சாத்தப் போவதில்லை. இந்தத் தடவை முதல் விரல் அம்மாவுடையது.

அம்மா வருவாரா என்று கேட்டுச் சொல். நீயும் வருவாயா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். உன் வீட்டுக் கதவு பனையோலை, பூட்டே கிடையாது, ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். தள்ளவில்லை. வெளியில் நிற்கிறேன். நீ வந்து திற.

உன் மூணு